நாலு கை கடையில் காணாமல் போன தேர்

சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அந்தக் கடைக்குள் ஆறு பேர் இருந்தார்கள். மரக் கடைசல் வேலை செய்யும் திம்மப்பன். மூங்கில் கூடை பின்னும் மங்கம்மா. நூலில் மேசைவிரிப்புகள் பின்னும் பவுலினா. கடை அவளுடைய வீட்டின் முன்னறை. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கும் வினோதா. வினோதாவின் கணவன் சுரேந்தர். சுரேந்தரின் தகப்பனார் சிவராஜ். இவர்களோடு அந்த அறையில் இருந்திருக்க வேண்டியது ஒரு தேர். அது இல்லை.

ஓசூர் ராயக்கோட்டை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. நாலு பேர் சேர்ந்து நடத்துவதால் 'நாலு கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருப்பக்கம் ஒரே கதவு. ஒரு சன்னல், அதற்கு இரும்புக் கம்பி. நடுவில் மேசை. மேசைமேல் மூன்றடி உயரத்துக்கு வெள்ளைத் துணி போர்த்திய உருவம் நின்றது. முந்தின நாள் பதினொன்றரை மணிக்குத் திம்மப்பன் தன் கையாலேயே போர்த்திவிட்டுப் போனது.

அவர்தான் துணியை எடுத்தார்.

உள்ளே தேர் இல்லை. கோழியை அடைக்கும் மூங்கில் பஞ்சாரங்கள் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ந்திருந்தன.

"இதேமி கதை!" மங்கம்மா தெலுங்கில் வியந்தபடி முன்னால் வந்தாள். "இது என் பஞ்சாரமாச்சே. மூலையில கிடந்தது. இது எப்பிடி மேசை ஏறுச்சு? தேரு உள்ள அடைகாக்குதா?"

யாரும் சிரிக்கவில்லை. திம்மப்பன் பஞ்சாரங்களைத் தூக்கினார். கீழே தேரின் அடிப்பலகை மட்டும் இருந்தது. நாலு சக்கரங்கள், இரண்டடி அகலப் பீடம், அதில் நாலு சதுரக் குழிகள். குழிகளில் நிற்க வேண்டிய தூண்கள் இல்லை. தூண்கள் தாங்க வேண்டிய மூன்று அடுக்குகள் இல்லை. உச்சியில் குடை இல்லை.

திம்மப்பன் பஞ்சாரத்தை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

பவுலினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பதினோரு மணிக்குப் போன் வருமே. கர்த்தரே, அவங்களுக்கு என்ன காட்டுறது?"

*

சென்னையிலுள்ள ஓர் அமைப்பு இணையத்தில் கைவினைக் கண்காட்சி நடத்துகிறது. மாவட்டத்துக்கு ஒரு பொருள். நாலு பேரும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்கு முடிவு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து திம்மப்பனின் தேர்.

பவுலினா செய்தியைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்தாள்; தனக்கே கிடைத்ததுபோல, பின்னிக்கொண்டிருந்த நூலோடு எழுந்து ஒரு சுற்று ஆடினாள். "ஆன்லைன்ல வாங்குறவன் கூடையைத் தட்டிப் பாக்க முடியுமா? சத்தம் கேக்காம எவன் கூடை வாங்குவான்? எனக்கு வராததே நல்லது" என்று சொன்ன மங்கம்மா, அதற்குப் பிறகு பஸ் ஏறும்வரை யாரிடமும் பேசவில்லை. திம்மப்பன் தன் பெயரை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். டீ ஆறிப் போயிற்று.

அந்தத் தேரில் ஆணி கிடையாது. முழுக்க மரமும் அரக்கும். மரத்தைக் கடைந்தது திம்மப்பன். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி மஞ்சளும் சிவப்பும் ஏற்றியது அவர் மனைவி கெம்பம்மா. தேர் முடிந்து ஒன்பது நாளில், ஆவணி மாதம், அவள் போய்விட்டாள். அவள் கை கடைசியாக ஏற்றிய நிறம் அதுதான்.

செய்தியின் அடியில் இன்னொரு வரி இருந்தது. தேர்வானவர் பங்கேற்க முடியாவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போகும். அடுத்த பெயர் வினோதா. அவள் திம்மப்பனுக்குக் கைகூப்பி வாழ்த்துச் சொன்னாள். தன் போர்வையை நாலாக மடித்து வைத்தாள். வீட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

சிவராஜ் அதைப் பார்த்தார். வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது பேச்சு அந்தப் பக்கம் வந்தது. "ரெண்டாவதா நிக்கிறது இந்த வீட்டுக்குப் பழக்கமில்ல. இதுக்கு விண்ணப்பம் போடாமலே இருந்திருக்கலாம்" என்றார். வினோதா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். சுரேந்தர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். சிவராஜுக்குத் தான் ஏதும் தவறாகச் சொன்னதாகத் தோன்றவில்லை.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். ஒரு மயிரிழை கூடுதலோ குறைவோ இருந்தால் பொருளைத் திருப்பி அனுப்பியவர். கடையில் எல்லாரும் அவரை 'இன்ஸ்பெக்டர்' என்றே கூப்பிடுவார்கள். மருமகள் கடைக்கு வந்து உட்காருவதை முதலில் அவர் விரும்பவில்லை. பிறகு சம்மதித்தார். சம்மதித்த பிறகு அவளுடைய கடையும் அவர் வீட்டுக் கௌரவத்தில் சேர்ந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கண்காட்சியைப் பார்ப்பதற்காகவே மகனின் பழைய காரில் வந்திருந்தார். வழி நெடுக வண்டியின் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே வந்தது. சிவராஜ் அதை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்தார்.

*

ஏழு இருபத்தைந்து.

"பூட்டு உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு பவுலினா கிட்ட, ஒண்ணு இவ கிட்ட" என்றாள் மங்கம்மா. "தேரு இல்லேன்னா இடம் யாருக்கு? நான் படிக்காதவ. படிச்சவங்க நீங்களே சொல்லுங்க."

வினோதாவின் முகம் வெளுத்தது. "நான் எதுக்கு மங்கம்மாக்கா...?"

"ஏய், வாயை அளந்து பேசு!" சுரேந்தர் கத்தினான்.

"நீ சும்மா இரு" என்றார் சிவராஜ்.

பவுலினா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "போலீசுக்குச் சொல்லிடலாமா சார்?"

"போலீஸ் வேணா" என்றார் திம்மப்பன். அன்று அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவைதாம். "அவங்க வந்து எல்லாரையும் உக்கார வெச்சிக் கேப்பாங்க. இந்தப் பொண்ணையும் கேப்பாங்க. பதினோரு மணிக்குள்ள தேரு வந்துருமா?"

சிவராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பத்து மணி வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க."

"இன்ஸ்பெக்டர் சொந்த வீட்டுக் கேசையே எடுக்கறாரு" என்றாள் மங்கம்மா.

"தப்பு என் வீட்டுலன்னா என் வாயாலயே சொல்லுவேன்."

"பாக்கலாம்."

அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். நேற்று துணி போர்த்திய பிறகு எங்கே இருந்தீர்கள்?

பவுலினா: "பதினொன்னரைக்குக் கடையைப் பூட்டினேன். பெரிய வெள்ளி சார். பன்னண்டு மணிக்கு நாங்க வீட்டோட கோயிலுக்குப் போயிட்டோம். நான் வாசகம் படிச்சேன். முன்னூறு பேர் பாத்திருக்காங்க. மூணு நாப்பதுக்குத் திரும்பினோம். அப்புறம் சொந்தக்காரங்க நிறையப் பேரு வாசல்லயே உக்காந்திருந்தாங்க. அவங்களைத் தாண்டி யாரும் கடையைத் தொறந்திருக்க முடியாது."

அப்படியென்றால் பன்னிரண்டுக்கும் மூன்று நாற்பதுக்கும் நடுவில். சந்தில் மற்ற கடைகளுக்கும் விடுமுறை.

திம்மப்பன்: "பாகலூர் பஸ்சு ஏறிப் போயிட்டேன் சார். பட்டறையில இருந்தேன். தனியாதான்."

மங்கம்மா: "பன்னண்டு மணி பஸ்சு, தேன்கனிக்கோட்டை. இன்னிக்கு முதல் பஸ்சுல வந்தேன். கண்டக்டரு என் அக்கா மருமகன். போன் போட்டுக் கேளுங்க. கூடையை மடியில வெச்சிக்கன்னு ரெண்டு தடவையும் சண்டை போட்டான்."

வினோதா: "வீட்டுலதான் மாமா. மூணு மணி வரைக்கும் மெஷின்ல தைச்சிட்டிருந்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

சிவராஜ் தூங்கவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தார். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அந்தத் தையல் மெஷின் ஓடிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் மாமனார் மருமகளுக்குச் சொல்லும் சாட்சியை மங்கம்மா எந்தத் தட்டில் வைத்து நிறுப்பாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

"சாவி எங்க இருந்தது?"

"கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கற பையில."

"நேத்து தொட்டியா?"

"இல்ல மாமா. கடைக்குப் போகலையே. இன்னிக்குக் காலைலதான் எடுத்தேன்."

சுரேந்தர் அவனாகவே சொன்னான். "எனக்கு ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடிஞ்சுது. கம்பெனி பஸ் இல்லேன்னு நேத்து கார்லதான் போனேன். வர்ற வழியில பெட்ரோல் போட பங்க்ல ஒரே வரிசை. மூணேகாலுக்கு வந்தேன். நீங்கதானேப்பா கதவைத் தெறந்தீங்க?"

"ஆமா" என்றார் சிவராஜ்.

*

எட்டு ஐந்து.

அவர் பீடத்தின் பக்கம் குனிந்தார். தொழிற்சாலையில் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முதலில் மொத்தமாக, பிறகு மூலை மூலையாக. பீடத்தின் மேல்பக்கம் அரக்குப் பூசாத வெறும் மரம். ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் மெல்லிய கோடுகள் தெரிந்தன. முன்பக்க இடது மூலைக் குழிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, கடைசிக் குழியில் நாலு.

"திம்மப்பா, இது நீ போட்டதா?"

"இல்லீங்களே. நான் எதுக்குக் குறி போடணும்? எந்தத் தூணு எந்தக் குழியில போவும்னு கைக்கே தெரியுமே."

"படம் எடுக்க வந்தவங்க யாராச்சும்?"

பவுலினா தன் போனை எடுத்தாள். வெள்ளிக்கிழமை பதினொன்று பத்துக்கு, ஒத்திகைக்காகச் சென்னைக்கு அனுப்பிய வீடியோ அதில் இருந்தது. பீடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கோடு எதுவும் இல்லை.

"அப்ப இது எடுத்தவன் போட்டது" என்றார் சிவராஜ். "கோடு குழியோட விளிம்பு வரைக்கும் வந்து சட்டுனு நிக்குது பாருங்க. மீதிக் கோடு தூண்ல இருக்கும். தேரு முழுசா நின்னப்பவே ரெண்டுக்கும் குறுக்க இழுத்திருக்கான். எந்தத் தூண் எந்தக் குழின்னு திரும்பப் பூட்டறப்ப தெரியணும். உடைக்கிறவனுக்கு இது தேவையில்ல. வித்துட்டுப் போறவனுக்கும் தேவையில்ல. திரும்பக் கொண்டாந்து வைக்க நினைச்சவன்."

மங்கம்மா பீடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக வினோதாவைப் பார்த்தாள்.

"ஜோடிக் குறிதானே சார்? அது யாரு போடுவாங்கன்னு எனக்கே தெரியும். ஜாக்கெட்டுக்குக் கை வைக்கறதுக்கு முன்னாடி தோள்ல ஒண்ணு, கைல ஒண்ணு இவ போடுவா. இங்க உக்காந்து போட்டதைப் பாத்திருக்கேன். ஒரு நாளைக்கு ஒளிச்சு வெச்சிட்டு, கண்காட்சி முடிஞ்சதும் கொண்டாந்து வைக்கலாம்னு..."

பவுலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் வினோதாவை உடைத்தது. மங்கம்மா கத்தியபோது வராத அழுகை, பவுலினா திரும்பிக்கொண்டபோது வந்தது. திம்மப்பன் தரையைப் பார்த்தார்.

"நான் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரேன்" என்று சுரேந்தர் வெளியே போனான்.

சிவராஜ் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, முதல் கோட்டின்மேல் தேய்த்தார். போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. விரலைத் திருப்பி நகத்தை அதன் குறுக்கே ஓட்டினார். நகம் தடுக்கியது.

அவர் நிமிர வெகு நேரம் ஆயிற்று.

*

எட்டு நாற்பதுக்கு அவர் சந்தில் வந்து நின்றார். எதிரே கார் நின்றது. தெருக்கோடியில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அவருக்கு இரண்டு வழி இருந்தது. எனக்கும் தெரியவில்லை என்று கையை விரித்துவிடலாம். பழி வினோதாமேல் நிற்கும். வெளியூரிலிருந்து வந்த பெண். பேசுகிறவர்கள் கொஞ்ச நாள் பேசிவிட்டு, மருமகள் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். வீட்டின் பெயர் பாதியாவது தப்பும். இப்படிக் கணக்குப் போட்டுத் தப்பித்த வீடுகளை அவருக்குத் தெரியும். அந்த வீடுகளில் பின்பு அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

மற்ற வழியை நினைத்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். உள்ளே போனார்.

*

ஒன்பது பதினைந்து. ஆறு பேரும் இருந்தார்கள். டீ யாரும் தொடாமல் இருந்தது. சிவராஜ் உட்காரவில்லை.

"மங்கம்மா சொன்னது பாதி சரி. இது ஜோடிக் குறிதான். தைக்கிறவங்களும் போடுவாங்க. வினோதா, துணியில எதால குறி போடுவே?"

"சாக்கட்டி மாமா."

"ஏன்?"

"துவைச்சாப் போயிடணும். இல்லேன்னா துணி பாழாயிடும்."

"துணியில போடற குறி போகணும். இது போகாது. தேய்ச்சுப் பாருங்க. நகத்தை வெச்சுப் பாருங்க. இது எழுதினது இல்ல, கீறினது. மரத்துல வேலை செய்றவன் பென்சில்ல கோடு போடுவான். எஃகு ஊசியால கீறுறவன் இரும்புக்காரன் ஒருத்தன்தான். மெஷினைக் கழட்டறப்ப எண்ணெய் படும், கூலண்ட் படும், அதுல அழியாம இருக்கணும்னு கீறுவான். முன்பக்கம் இடது மூலையில ஆரம்பிச்சு, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு சுத்தி வருவான். யோசிச்சுச் செய்யறதில்ல, கை தானாச் செய்யும். முப்பத்தோரு வருஷம் இந்தக் குறியைப் பாத்திருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த ரூம்ல இரும்பு வேலை தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. ஒருத்தன் நான். நான் நேத்து முழுக்க வீட்டை விட்டு வெளிய வரல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுரேந்தர் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் பதினாறு வருடமாக மெஷின் கழற்றி மாட்டுகிறவன்.

"நேத்து வரிசையில நின்னு பெட்ரோல் போட்டேன்னே" என்றார் சிவராஜ். "இன்னிக்குக் காலைல வர்ற வழியெல்லாம் மஞ்சள் லைட்டு எரிஞ்சுது. டேங்க் காலி. எந்த பங்க்ல உனக்குக் காத்தை ஊத்தினாங்க?"

சுரேந்தர் வாசல் வழியே காரைப் பார்த்தான்.

"சாவியை எப்ப எடுத்தே?"

"காலைல அஞ்சு மணிக்கு. வேலைக்குப் போறப்ப." குரல் கேட்கவே இல்லை. "சாயங்காலம் திரும்ப வெச்சிட்டேன். ஒரு நாளைக்குத்தான்ப்பா. நாளைக்கு வந்து பூட்டி வெச்சிடலாம்னுதான் குறி போட்டேன். ஒரு தூண்கூட மாறக் கூடாதுன்னு..."

"எதுக்கு?"

"அவ ராத்திரியெல்லாம் அழுதா. நீங்க வேற அப்பிடிச் சொன்னீங்க. ரெண்டாவதா நிக்கிறது நம்ம வீட்டுக்குப் பழக்கமில்லேன்னு."

வினோதா எழுந்தாள். "அழுதேன். ஆமா, அழுதேன். அதுக்கு உங்களை யாரு இதைச் செய்யச் சொன்னது? காலைலேர்ந்து என்னை எல்லாரும் திருடி மாதிரி பாக்கறாங்க. நீங்க டீ வாங்கப் போனீங்க!"

"உன்னைச் சொல்லுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல வினோ."

"டிக்கியைத் தெற" என்றார் சிவராஜ்.

*

தேரின் பாகங்கள் காரின் டிக்கியில் இருந்தன. நாலு தூண்கள், மூன்று அடுக்குகள், குடை. ஒன்றோடொன்று உரசக் கூடாது என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் இறுக்கமாகச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, நெருக்கி அடுக்கியிருந்தான். வேலை தெரிந்தவன் கட்டிய கட்டு. வெள்ளிக்கிழமை மதியம் மூன்றேகால் மணியிலிருந்து அந்தக் கார் வீட்டு வாசலில் சித்திரை வெயிலில் நின்றிருந்தது.

திம்மப்பன் குடையைக் கையில் எடுத்தார். கயிற்றை அவிழ்த்தார். கவரைப் பிரித்தார். கவர் பிரியவில்லை. மெல்ல இழுத்தார். அது உரிந்து வந்தது. அதோடு மஞ்சளும் உரிந்து வந்தது. கீழே வெறும் மரம், காயம் காய்ந்த தோல்போல.

"தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

ஒவ்வொன்றாகப் பிரித்தார். தூண்களில் சிவப்பு இளகி மஞ்சளில் இறங்கியிருந்தது. அடுக்குகளில் கவரின் சுருக்கங்கள் எல்லாம் அப்படியே பதிந்திருந்தன. கெம்பம்மா ஏற்றிய நிறத்தில் கையகலம்கூட முழுசாக இல்லை.

"அரக்குப்பா" என்றார் சுரேந்தரிடம். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "வெயில் ஆகாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. ஒரு நாளைக்கு வேணும்னு கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேன்."

சுரேந்தர் டிக்கிக் கதவைப் பிடித்தபடி அழுதான். சிவராஜ் அவனைப் பார்க்கவில்லை. திம்மப்பனுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார். அந்தக் கைகள் யாருக்கும் அவ்வளவு எளிதில் குவிந்ததில்லை.

"என் வீட்டுத் தப்பு திம்மப்பா. செஞ்சது அவன். அன்னைக்கு நான் பேசினதையும் இதுல சேத்துக்கோ."

"மறுபடி நெறம் ஏத்தலாம் சார். நானே ஏத்துவேன்." திம்மப்பன் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேரு அப்பிடியே இருக்கும். அவ போட்டது மட்டும் இருக்காது."

உரித்த கவர்களில் ஒன்றின் உள்பக்கம் மஞ்சள் மெல்லிய தகடாக ஒட்டியிருந்தது. அவர் அதைக் கசங்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மங்கம்மா வினோதாவிடம் வந்தாள். வினோதாவின் கலைந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள். "எனக்கு வாய் நீளம், புள்ள" என்றாள் கடைசியில்.

"தெரியும்க்கா."

பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. பவுலினா தன் போனை வினோதாவிடம் நீட்டினாள்; அவள்தான் எடுத்தாள். திரையில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு, கிருஷ்ணகிரி தயாரா என்று கேட்டாள்.

"தேரு சேதமாயிடுச்சுங்க. காட்ட முடியாது."

அப்படியானால் அடுத்த பெயர் இருக்கிறதே, வினோதா என்று, அவர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டாள் அந்தப் பெண்.

போர்வை அலமாரியில்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

"காட்டும்மா" என்றார் திம்மப்பன். "அதுவாச்சும் நிக்கட்டும்."

வினோதா தலையை ஆட்டினாள். "நான்தாங்க அந்த வினோதா. எனக்கு வேண்டாங்க. எங்க மாவட்டத்துலேர்ந்து இந்தத் தடவை யாரும் இல்ல."

திரை அணைந்தது. சிவராஜ் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். மருமகளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அப்படிப்பட்ட வார்த்தைகளை அவர் இதுவரை பேசிப் பழகியதில்லை. கடைசியில், "சாப்பிட்டியாம்மா?" என்றார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

ராயக்கோட்டை சாலைப் பக்கம் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. வினோதா சொல்லிக் கொடுத்துத்தான் சுரேந்தர் தேரை எடுத்தான் என்றும், மாட்டிக்கொண்டதும் மாமனாரும் மருமகளும் சேர்ந்து பழியை அவன்மேல் தள்ளிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். அது பொய். வினோதா சொல்லவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது. தேரை எடுத்தவன் சிவராஜின் மகன். அவன் மட்டும்தான்.